அப்பா கொடுத்த திக்குவாய்

…அதுவும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாரே, அதுதான் பெஸேவுக்குத் தாங்கவில்லை, தேநீர்த் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, ஒரு மூச்சு விட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், அப்படியில்லை, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர், ஹெட்மாஸ்டருக்கு முன்னால் தலைகுனிந்து நிற்பது தன் மகள்தான் என்று பார்த்தவர், தட்டிலிருந்த கண்ணாடி டம்ளர்களில் ஒன்றுகூட ஆடாமல், "அவளுக்குத் திக்குவாய்ங்க ஐயா" என்று சொல்லிவிட்டார். யாராவது அவரைக் கேட்டார்களா? ஹெட்மாஸ்டர், "ஏன் உறுதிமொழி சொல்ல மாட்டேங்கிறே?" என்று கேட்டார்தான், ஆனால் கேட்டது பெஸேவைப் பார்த்து, பதில் சொல்ல வேண்டியவள் பெஸே, அதற்காக அவள் வாயைத் திறந்தும் விட்டாள், திறந்த வாய் திறந்தபடி நிற்க, பள்ளிக்கூடத்துப் பியூனாக இருக்கும் அப்பா, அவளைப் பெற்ற அப்பா, பதினோரு வருஷமாக வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று திட்டிய அதே அப்பா, அவளுக்கு ஒரு நோயைக் கொடுத்துவிட்டுச் சர்க்கரைக் கட்டிகளை எண்ணி வைக்க ஆரம்பித்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் எப்படித் தோன்றியது? முன்பே யோசித்து வைத்திருந்தாரோ? வெள்ளிக்கிழமை நடந்தது இது, சனி ஞாயிறு இரண்டு நாளும் இதையே மென்றுகொண்டிருந்தாள், இன்னும் விழுங்க முடியவில்லை.

இன்று திங்கள். முற்றத்துப் பனியை அப்பா விடியற்காலையிலேயே வாரி இரண்டு ஓரமும் குவித்திருந்தார், நடுவில் நீல அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டியுமாகப் பள்ளிக்கூடமே வரிசையில் நின்றது, முன்னால் நிற்பவர் தோளில் கை வைத்து இடைவெளி பார்த்து, கையை இறக்கி, நிமிர்ந்து… பின்னால் நிற்பவள் ஹஸால், பக்கத்து வீட்டுக்காரி, அவள் கை தோளில் பட்டதும் சில்லென்றது. "பெ… பெ… பெஸே," என்று காதோரம் கிசுகிசுத்துச் சிரித்தாள். விஷயம் அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, தெரியாமல் இருக்குமா, பியூன் மகள் சமாசாரம். நான் திக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியாதா, பொழுது விடிந்து பொழுது போனால் உன்னோடுதானே சண்டை போடுகிறேன், என்று திரும்பிச் சொல்ல வேண்டும்போல இருந்தது, ஆனால் விளையாட்டு வாத்தியார் ஸெலாமி சார் நகமும் கைக்குட்டையும் பார்த்துக்கொண்டே வரிசைக்குள் வந்துகொண்டிருந்தார். "வாயை மட்டும் அசைச்சிருக்கலாம்லடி," என்றாள் ஹஸால் மறுபடி, "நான் என்னத்தைச் சொல்றேன், பாதி நாள் சோப்பு, சீப்புன்னு எதையாவது சொல்லிட்டு நிக்கிறேன், எவன் வந்து காதை வெச்சுக் கேக்குறான்?" அது ஹஸாலுக்குச் சரி. அவளுக்குப் பொய்யும் ஒன்றுதான் சோப்பும் ஒன்றுதான். ஸெலாமி சார் பெஸேவின் விரல்களைப் பார்த்தார், வெள்ளிக்கிழமை அவளைக் காதைப் பிடித்து இழுத்துப்போன அதே கை, இன்று விரல்நுனியை மெதுவாகத் தூக்கிப் பார்த்தது, நோயாளியின் கையைப் பார்ப்பது மாதிரி. "குளிருதாம்மா?" என்றார். காதைத் திருகியதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

கீதம் பாடியாயிற்று, கொடி ஏறியாயிற்று, அதற்கெல்லாம் அவள் விறைப்பாகத்தான் நின்றாள், நிற்பதில் என்ன பொய் இருக்கிறது. வாய்தான் சிக்கல். முதல் வகுப்பில் சேர்ந்தபோது துருக்கிப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது, ரொட்டி என்று கேட்கத் தெரியாது, ஒன்றுக்குப் போக வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் பெஞ்சிலேயே இருந்திருக்கிறாள், ஆனால் உறுதிமொழி மட்டும் பத்தே நாளில் தலைகீழாக வந்துவிட்டது, எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான், அர்த்தம் தெரியாமல் கிளிப்பிள்ளை மாதிரி, தொண்டை கிழியக் கத்துவதுதான் உறுதிமொழி என்று நினைத்திருந்தார்கள். நான்கு வருஷம் கத்தினாள். எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினாள், அதை இப்போது நினைத்தால் கன்னம் சுடுகிறது. இந்த வருஷம்தான் நெவின் டீச்சர் வந்தார், மேற்கே கடற்கரை ஊரிலிருந்து, முதல் வேலை, சின்ன வயசு, இந்தக் குளிரில் மூக்கு எப்போதும் சிவந்தே இருக்கும். வந்தவர் சும்மா இருக்கக் கூடாதா? தினமும் சொல்கிறீர்களே, பொருள் தெரியுமா என்று ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்துப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார். முதல் வார்த்தை, நான் துருக்கியர். இரண்டாவது, நான் நேர்மையானவள். பெஸே கை தூக்கினாள். "டீச்சர், எங்க வீட்ல நாங்க துருக்கியர் இல்ல, குர்து. மொதல் வார்த்தை எனக்குப் பொய்யாப் போகுது. பொய்யைச் சொல்லிட்டு அடுத்த மூச்சுலயே நான் நேர்மையானவள்னு எப்படி டீச்சர் சொல்றது?" டீச்சர் கதவைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் வந்து தலையைத் தடவி, "நீ நல்லா யோசிக்கிற பொண்ணு" என்று மட்டும் சொன்னார். பெஸேவுக்கு அது போதுமானதாக இருந்தது. பாராட்டிவிட்டார், அப்படியானால் நான் கேட்டது சரி, சரி என்றால் இனிமேல் சொல்லக்கூடாது, இவ்வளவுதானே கணக்கு?

முதலில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டாள். மற்றவர்கள் முதல் வார்த்தையைச் சொல்லி முடிக்கும்வரை உதட்டை மூடிக்கொண்டு, இரண்டாவதில் சேர்ந்துகொள்வாள், நான் நேர்மையானவள். கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தது. அப்புறம் கடைசி வரி முள்ளாகக் குத்த ஆரம்பித்தது, என் இருப்பையே காணிக்கை ஆக்குகிறேன் என்கிறதே, என்னை நானே எடுத்துக் கொடுக்க நான் என்ன ஆடா? அதையும் விட்டாள். தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் நடுவில் மட்டும் சொல்வது கேலிக்கூத்தாக இருந்தது, முழுசாக விட்டுவிட்டாள். பயமாக இல்லையா? இருந்தது, ஆனால் தனியாக இல்லை என்ற ஒரு தைரியமும் இருந்தது, ஏனென்றால் அப்பாவும் சொல்வதில்லை. அது யாருக்கும் தெரியாது, அவளுக்கு மட்டும்தான் தெரியும். உறுதிமொழி தொடங்கும் நேரம் பார்த்து அப்பா தினமும் கரிக் கொட்டகைக்குள் போய்விடுவார், கையில் வாளியோடு, அவசரமாக, வகுப்பறைக் கணப்பு அடுப்பு அணைந்துவிடும்போல. முடிந்த பிறகுதான் வெளியே வருவார். குளிர்காலத்தில் சரி, போன மே மாசத்திலும் போனாரே, அடுப்பையெல்லாம் கழற்றி வைத்தபிறகும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாரே… தானும் வாயை மூடிய பிறகு அது நினைவுக்கு வந்த அன்றைக்குத்தான் பெஸேவுக்கு விளங்கியது, சிரிப்பு வந்தது, நெஞ்சு நிறைந்தது. அவர் சொல்லவில்லை, இவள் கேட்கவில்லை. கொட்டகைக்குள் அவர், வரிசைக்குள் அவள், ஒரே நேரத்தில் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறோம் என்று நினைத்துக்கொள்வாள், நானூறு பிள்ளைகள் கத்தும்போதும் அந்த மௌனத்தில் அப்பாவின் பக்கத்தில் நிற்பது மாதிரியே இருக்கும்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை ஸெலாமி சார் இழுத்துப்போனபோதுகூட அவள் அழவில்லை. வாசலிலிருந்து அறைவரை ஒரு வாக்கியத்தைச் செய்துகொண்டே போனாள், துருக்கியில், பிழையில்லாமல், ஐயா, நான் குர்து, அதைச் சொன்னால் நான் பொய் சொன்னதாகும், எனக்குப் பொய் சொல்ல விருப்பமில்லை. மரியாதையாகவும் இருந்தது, சுருக்கமாகவும் இருந்தது, நெவின் டீச்சர்கூடக் குறை சொல்ல முடியாது. டீச்சரும் அங்கேதான் நின்றிருந்தார், வகுப்பாசிரியை என்று கூப்பிட்டிருந்தார்கள். நாக்கு நுனியில் வாக்கியம் வந்து நின்றபோது கதவு திறந்தது, தட்டு வந்தது, அப்பா வந்தார், மீதிதான் தெரியுமே. ஹெட்மாஸ்டர் முகம் எப்படி மலர்ந்தது! அவருக்கு மேற்கே மாற்றல் வர வேண்டிய நேரம், இந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் உறுதிமொழி சொல்ல மறுத்தாள் என்று மேலே எழுதுவதா, போலீஸ் வருவதா, நோய் என்றால் யாருக்கும் ஒன்றும் இல்லை, பாம்பும் செத்தது தடியும் முறியவில்லை. இருந்தாலும் கடமைக்கு ஒரு வார்த்தை, "அப்படியா டீச்சர்?" என்று திரும்பினார். பெஸேவும் திரும்பினாள். போன வாரம்கூட வகுப்புக்கே பாடத்தை வாசித்துக் காட்டச் சொல்லி இவளைத்தானே எழுப்பினார், முழுப் பக்கத்தையும் ஒரு தடங்கல் இல்லாமல் வாசித்தாளே, டீச்சர் சொல்லிவிடுவார், இல்லையே சார், இவள் நன்றாகப் பேசுவாளே என்று சொல்லிவிடுவார்… "ஆமா சார்," என்றார் நெவின் டீச்சர், "பதட்டம் வந்தா திக்கும்." மூக்கு சிவந்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து காலை வாரிவிட்டார்கள், வாரிவிட்ட பிறகு இரண்டு பேரும் அவளை எவ்வளவு அன்பாகப் பார்த்தார்கள்! முறைத்திருந்தால் இவளும் முறைத்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அப்பா எதுவும் விளக்கவில்லை, சூப்பில் ரொட்டியைப் பிட்டுப் போட்டுக்கொண்டே, "திங்கக்கெழமையிலேர்ந்து பள்ளிக்கூடத்துல கொஞ்சம் திக்கித் திக்கிப் பேசு புள்ள. அங்க மட்டும்தான். வீட்ல எப்பவும் போலப் பேசிக்க," என்றார், செருப்பை வெளியே கழற்று என்று சொல்வது போல. அம்மாவுக்குத் துருக்கியும் தெரியாது பள்ளிக்கூடமும் தெரியாது, அவள் சிரித்துவிட்டாள். "அந்தப் பாஷைய பேசச் சொன்னா நம்ம ஊரே திக்குது, இவ ஒருத்தி திக்கினா எவனுக்குத் தெரியப் போவுது?" அப்பாவும் சிரித்தார். பெஸே சிரிக்கவில்லை. சின்ன வயதில் கீரை போட்ட பாலாடைக்கட்டியைத் திருடித் தின்றுவிட்டுப் பூனை மேல் பழி போட்டபோது இதே அப்பா பூனையைத் தூக்கி அவள் மடியில் வைத்து, அதன் முகத்தைப் பார்த்துச் சொல்லு என்றாரே, பொய் சொல்கிற வாயில் ரொட்டி இறங்காது என்றாரே, இன்று அவருக்கு மட்டும் எப்படி இறங்குகிறது? காரணம் தெரியாமலா, தெரியும், நன்றாகவே தெரியும். சித்தப்பாவை விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை, அவருக்குப் பிறகு இரண்டு குடும்பம் இந்தப் பியூன் வேலையில்தான் சாப்பிடுகிறது, பள்ளிக்கூட வாசலில் எப்போதும் ஒரு கவச வண்டி நிற்கிறது. எல்லாம் தெரியும். தெரிந்தால் கோபம் போய்விடுமா? "நான் சொல்ல மாட்டேன்னுதானே நின்னேன், சொல்ல முடியலைன்னு நிக்கலையே," என்று கேட்டாள். அப்பா அவளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான். சொல்லாம இருக்கலாம்ல, அதானே ஒனக்கு வேணும்?" என்றார். ரெண்டும் ஒண்ணா? இரண்டும் ஒன்று என்றால் அவர் கொட்டகைக்குள் போவது எதற்கு, கரி எடுக்கத்தானா? அது வெறும் கரிதானா? அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது பார்த்தாள், கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. அப்பா அங்கே இல்லை. படிக்கட்டில், ஆசிரியர்கள் நிற்கும் வரிசைக்கு ஓரமாக, குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஹெட்மாஸ்டருக்கு இரண்டு படி கீழே நின்றிருந்தார். இத்தனை வருஷத்தில் அவரை அந்த இடத்தில் அவள் பார்த்ததே இல்லை. நிற்கச் சொன்னார்களா, அவராகவே போய் நின்றாரா? அவராகவே நின்றிருந்தால்… வேண்டாம், யாரோ சொல்லியிருப்பார்கள். ஹெட்மாஸ்டர் மைக்கைத் தட்டினார், தொண்டையைச் செருமினார், குரலில் வெண்ணெய் தடவியிருந்தது. நம்மோடு ஒரு பெண் படிக்கிறாள், அவளுக்கு நாக்கு கொஞ்சம் மெதுவாக வரும், அது அவள் குற்றம் இல்லை, யாரும் கேலி செய்யக்கூடாது, என்றெல்லாம் சொல்லிவிட்டு, "இன்னைக்கு உறுதிமொழியை அவளுக்காக நாம எல்லாரும் மெதுவாச் சொல்லுவோம். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்துவோம். அவ சொல்லி முடிச்சப்புறம்தான் அடுத்த வார்த்தை," என்றார். ஐயோ. மனுஷருக்கு நல்ல மனசு, பாவி மனுஷர், அவள் ஒளிந்துகொள்ள விட்டுவைத்திருந்த ஒரே மூலையிலும் விளக்கைப் பிடித்துக்கொண்டு வருகிறார். ஸெலாமி சார் அவளைத் தோளைப் பிடித்து வரிசைக்கு வெளியே, முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். நெவின் டீச்சர் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட்மாஸ்டரின் கை உயர்ந்தது, இறங்கியது, நானூறு பேரும் முதல் வார்த்தையைச் சொன்னார்கள், அப்பாவின் உதடுகளும் அசைந்தன, அதை அவள் பார்த்தாள், பார்க்காமல் இருந்திருக்கலாம், பார்த்துவிட்டாள், முழு வார்த்தையையும் சொன்னார், ஒரு எழுத்துகூட விடாமல். பிறகு எல்லாரும் நிறுத்திவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

என்ன செய்வது இப்போது? சும்மா நின்றால் திக்குவாய். தெளிவாகச் சொன்னால் திக்குவாய் இல்லை என்று ஆகும், ஆனால் சொல்வது அந்த வார்த்தையாக இருக்கும், அதைச் சொல்லாமல் இருக்கத்தானே இத்தனை பாடு. அவள் மறுத்தாள் என்பதே இந்த முற்றத்தில் ஹஸாலையும் டீச்சரையும் அப்பாவையும் விட்டால் ஒருவருக்கும் தெரியாது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி மறைத்துவிட்டார்கள், பாவம் பிள்ளை என்று நானூறு பேர் பார்க்கிறார்கள், பாவம், பாவம்… இல்லை, பாவம் இல்லை. சொல்லிவிடப் போகிறேன். உறுதிமொழியை அல்ல, மூன்றே மூன்று வார்த்தை, எனக்கு ஒன்றும் திக்காது, அதை மட்டும், உரக்க, படிக்கட்டுவரை கேட்கிற மாதிரி. அப்பா வேலை? போகட்டுமா? சித்தப்பா பிள்ளைகள்… இப்போது அதை யோசிக்காதே, யோசித்தால் சொல்ல மாட்டாய், அவர் யோசித்தாரா, தட்டைக்கூடக் கீழே வைக்கவில்லையே. நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தாள், பனிக்காற்று பல்லில் பட்டுக் கூசியது, வாயைத் திறந்தாள். "எ…" என்றாள். "எ… எ…" அடுத்த எழுத்து எங்கே? இருந்ததே, இங்கேதானே இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது, கழுத்து நரம்பு புடைத்தது, "எ… எ… எ…" என்று அந்த ஒரு எழுத்தே பள்ளிக்கூடச் சுவரில் மோதி அவளிடமே திரும்பி வந்தது, கண் நிறைந்து எதுவும் தெரியாமல் போனது. யாரும் சிரிக்கவில்லை. ஹஸால்கூடச் சிரிக்கவில்லை.

"பரவால்ல கண்ணு, பரவால்ல. வந்தவரைக்கும் சந்தோஷம்," என்றது மைக். முதலில் ஒரு ஆசிரியர் கைதட்டினார், பிறகு எல்லாரும் தட்டினார்கள், கம்பளிக் கையுறை போட்ட கைகள், சத்தம் மந்தமாக வந்தது. மீதி உறுதிமொழியை வழக்கம்போல வேகமாகச் சொல்லி முடித்தார்கள், அவளை யாரும் பார்க்கவில்லை, இனிமேல் எந்தக் காலையிலும் பார்க்க மாட்டார்கள், அவள் பாட்டுக்குச் சும்மா நிற்கலாம், கேட்டது கிடைத்துவிட்டது. வகுப்பு வகுப்பாக உள்ளே போகச் சொன்னார்கள். வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் அப்பா பிடித்துக்கொண்டு நின்றார், பிள்ளைகள் அவர் கைக்குக் கீழே நுழைந்து போனார்கள். அவளுடைய முறை வந்தபோது குனிந்தார். பள்ளிக்கூடத்துக்குள் வைத்து அவளிடம் குர்து பேசியதே இல்லை அவர், பேசினால் வேலை போய்விடும், இன்று பேசினார், கிசுகிசுத்தார், முகமெல்லாம் பூரிப்பு. "நல்லாப் பண்ணினே புள்ள. நெஜமாவே திக்கற மாதிரியே இருந்துச்சு."

அவள் நின்றுவிட்டாள். நடித்தேன் என்று நினைக்கிறாரா? இத்தனை நேரம் அங்கே நின்று பார்த்துவிட்டு, என் கழுத்தைப் பார்த்துவிட்டு, கண்ணைப் பார்த்துவிட்டு… நடித்தேன் என்றா? நான் நடிக்கலப்பா என்று சொல்ல வேண்டும், இப்போதே, இது நம் பாஷை, வீட்டில் பேசுகிற பாஷை, இதில் எனக்கு எதுவும் சிக்காது. சிக்காதுதானே? சொன்னால் இதிலும் திக்குமா திக்காதா என்று தெரிந்துவிடும். முதல் எழுத்து நாக்கில் வந்து நின்றது, தெரிந்துவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள், அப்பா இன்னும் சிரித்துக்கொண்டே கதவைப் பிடித்திருந்தார், பின்னாலிருந்து வரிசை அவளை உள்ளே தள்ளியது.